‘போட்டுப் பார்க்கலாம்’ செல்லாத இடம்

லாரிப் பட்டறையில் ஒரு நாளில் பத்து முறையாவது காதில் விழும் பேச்சு ‘போட்டுப் பார்க்கலாம்’. செல்ஃப் எடுக்கவில்லையா, பக்கத்தில் நிற்கும் வண்டியின் ரிலேயைக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாம். டீசல் ஏறவில்லையா, வேறொரு ஃபீட் பம்பை மாட்டிப் பார்க்கலாம். இதைக் கேலி செய்ய நான் இந்தப் பதிவை எழுதவில்லை. இன்லைன் பம்பும் மெக்கானிக்கல் கவர்னரும் இருந்த காலத்தில் இதைவிடச் சிக்கனமான சோதனை கிடையாது. நல்லதென்று தெரிந்த பாகத்தை மாட்டினால் வண்டி ஓடுகிறது, கழற்றினால் நிற்கிறது. பழுது எங்கே என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. இரும்புக்கு ஞாபகம் கிடையாது. ஒரு வண்டியின் பம்பு இன்னொரு வண்டியில் போய் உட்கார்ந்தால், தான் எங்கிருந்து வந்தோம் என்று அதற்குத் தெரியாது. இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசிஎம்முக்குத் தெரியும். அந்தப் பழைய வழக்கத்தை அப்படியே ஈசிஎம் மீதும் காட்டுகிறோம் என்பதுதான் என் புகார். ஈசிஎம் விஷயத்தில் போட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. அது பழுதைக் காட்டிக் கொடுப்பதில்லை. சில சமயம் இல்லாத பழுதையும் கொண்டுவந்து சேர்க்கும். வண்டி பழையதாக இருந்தால் இது இன்னும் உண்மை.

பழைய வண்டி என்றதும் எண்பதுகளின் மூக்கு வைத்த லாரியை நினைக்க வேண்டாம். லாரிகளில் ஈசிஎம்மைப் பரவலாக்கிய பிஎஸ்-4 புகை விதி பெருநகரங்களுக்கு 2010-இல் வந்தாலும், நாடு முழுக்கக் கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 அன்று. மிச்சமிருந்த பிஎஸ்-3 வண்டிகளை அந்தத் தேதிக்குப் பின் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அதற்கு மூன்றே நாள் முன்பு. அன்று ஷோரூமிலிருந்து பளபளவென்று வெளியே வந்த வண்டிகள் இன்று எட்டு வருடம் தாண்டி, ஆண்டுக்கு ஆண்டு எஃப்சிக்குப் போய் நிற்கும் வயதுக்கு வந்துவிட்டன. வாரண்டி எப்போதோ முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது கை மாறியாயிற்று. கம்பெனி சர்வீஸை விட்டு ரோட்டோரப் பட்டறைக்கு வந்தாயிற்று. இனிமேல்தான் இந்தப் பெட்டிகளின் கதை சூடு பிடிக்கும்.

வண்டி திடீரென்று இழுவை குறைந்து நாற்பதுக்கு மேல் ஏற மறுக்கிறது, செக் லைட் எரிகிறது, ஸ்கேனரைப் போட்டால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஆறேழு கோடு ஒரே சமயத்தில் வந்து விழுகிறது. ‘மூளை போயிடுச்சு’ என்று தீர்ப்பு வந்துவிடும். மூளை என்ற அந்த உவமைதான் பாதி நஷ்டத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். எல்லாவற்றுக்கும் தலைதானே பொறுப்பு என்று நம்மை நம்ப வைக்கிறது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஈசிஎம் என்பது அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத, ரப்பர் சீல் போட்டு மூடிய அலுமினியப் பெட்டி. அதிலிருந்து கிளம்பும் வயரிங்கோ இன்ஜின் சூட்டில் வெந்து, சேசிஸில் உரசி, மழையிலும் வாட்டர் சர்வீஸிலும் நனைந்து, எலிக்கும் தீனியாகி எட்டு வருடம் கழித்திருக்கிறது. இரண்டில் எது முதலில் தளரும்? கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்னின் அடியில் பச்சையாகப் பூத்திருக்கும். பித்தளைக் குடத்தில் நம் பாட்டிமார் புளி போட்டுத் தேய்த்து எடுத்த அதே களிம்பு. இன்னொரு வகை இதைவிட வஞ்சகமானது: பிரஷர் சென்சாரின் உள்ளே கசிந்த ஆயில், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோலச் செம்பு இழைகளுக்கு இடையில் ஊர்ந்து, வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் ஈசிஎம்மின் கப்ளர் வரைக்கும் வந்துவிடும். பெட்டியை மாற்றினால் அந்த ஆயில் புதுப் பெட்டிக்குள் இறங்கும்.

அந்த ஆறேழு கோடு ஒரே நேரத்தில் ஏன் வருகிறது? பெரும்பாலான சென்சார்களுக்கு ஈசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரே 5 வோல்ட் லைனில் பல சென்சார்கள் தொங்குகின்றன. அவற்றில் ஒன்று உள்ளுக்குள் ஷார்ட் ஆனாலும், அல்லது அதன் ஒயர் சேசிஸில் உரசி எர்த் ஆனாலும், அந்த லைன் முழுக்கப் படுத்துவிடும். அதில் இருக்கும் எல்லாச் சென்சாரும் செத்துவிட்டதாக ஈசிஎம் புகார் சொல்லும். பார்ப்பவருக்கு ஈசிஎம்மே செத்ததுபோல் தெரியும். இதைப் பிரித்தறிய ஸ்கேனர்கூட வேண்டாம், ஒரு மல்டிமீட்டர் போதும். 5 வோல்ட் லைனில் மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போக வேண்டும். எதைக் கழற்றியதும் மீட்டர் துள்ளி 5-க்கு வருகிறதோ, திருடன் அங்கே இருக்கிறான். எல்லாவற்றையும் கழற்றி, ஒயரும் நல்லது என்று பார்த்த பிறகும் 5 வோல்ட் வரவில்லை என்றால்தான் பெட்டியின் மேல் கை வைக்கும் உரிமை நமக்கு வருகிறது. ஈசிஎம்மும் ஸ்கேனரும் பேசிக்கொள்ளவில்லை என்றாலும் அதே பொறுமை வேண்டும். பெரிய லாரிகளில் அந்தப் பேச்சு நடக்கும் கேன் லைனில் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கும். பேட்டரியைத் துண்டித்துவிட்டு இரண்டு ஒயருக்கும் நடுவே அளந்தால் ஏறக்குறைய 60 ஓம் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஈசிஎம்முக்குச் சப்ளையும் எர்த்தும் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கும் பல்ப் சோதனையைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளே மீட்டரை நம்பி ஏமாறும் இடம் இது. ஈசிஎம்முக்கு வரும் பாசிட்டிவ் ஒயரில் இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிறது என்று வையுங்கள். மல்டிமீட்டர் கரண்ட் இழுப்பதே இல்லை என்பதால் அது 24 வோல்ட்டை அப்படியே காட்டும். ஈசிஎம் வேலை செய்யக் கரண்டை இழுக்கும்போதோ அந்த ஒற்றை இழை மூச்சு வாங்கும். அதனால் ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, சப்ளை பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே 24 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை மாட்ட வேண்டும். பல்பு வெள்ளையாக எரிகிறதா, சிவந்து மங்குகிறதா என்பதைப் பார்த்தால் போதும். எர்த் பின் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். பழைய வண்டிகளில் பழுதில் பாதி எர்த்தில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஒரு எச்சரிக்கை: பின்னுக்குள் தடித்த ஊசியையோ ஒயர் முனையையோ திணிக்கக் கூடாது. அந்தச் சின்னத் தகடு விரிந்துவிட்டால், சோதனை முடிந்து கப்ளரை மாட்டியதும் லூஸ் கான்டாக்ட் என்ற புதுப் பழுதை நாமே உண்டாக்கியிருப்போம். சரியான அளவுப் பின்னை ஒயரில் அடித்து வைத்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை.

இவ்வளவு எதற்கு, நல்ல ஈசிஎம் ஒன்றை மாட்டினால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடுமே என்பதுதான் வழக்கமான பதில். தெரியாது. மாட்டியதும் வண்டி ஓடினால் பழைய பெட்டி கெட்டது என்று அர்த்தமா? பெட்டியை மாற்றும்போது இரண்டு கப்ளரையும் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டினோம். களிம்பு உரசிப் போனது, தளர்ந்த பின் இறுகியது, ஒயரும் கொஞ்சம் இடம் மாறியது. வண்டி ஓடியதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பெட்டிதான் பழுது என்று நிரூபிக்க வேண்டுமானால் பழைய பெட்டியை மறுபடி மாட்டி, பழுது திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி ஓட ஆரம்பித்த பிறகு இதைச் செய்ய யாருக்கும் மனசு வராது. அதனால் எத்தனையோ நல்ல பெட்டிகள் கெட்டது என்ற பெயரோடு காயலான் கடைக்குப் போகின்றன. மாட்டியும் வண்டி ஓடவில்லை என்றால் நிலைமை இன்னும் மோசம். காமன் ரெயில் இன்ஜினில் இன்ஜெக்டரைத் திறக்க ஈசிஎம் பேட்டரி வோல்ட்டை உள்ளேயே பல மடங்கு உயர்த்தி அனுப்புகிறது. இன்ஜெக்டர் காயிலோ அதன் ஒயரோ ஷார்ட் ஆகி அந்த டிரைவர் பகுதியை எரித்திருந்தால், பக்கத்து வண்டியிலிருந்து கடன் வாங்கிய நல்ல பெட்டியும் அதே ஷார்ட்டின் வாயில் போய் விழும். வந்தபோது ஒரு வண்டி நின்றிருந்தது, இப்போது இரண்டு.

இனி, பெட்டி உண்மையிலேயே போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப் போகும்போது அது சில சமயம் தானே ஒப்புக்கொள்கிறது: சின்ன வண்டிகளில் பி0601 முதல் பி0606 வரையான கோடுகள், பெரிய லாரிகளில் எஸ்பிஎன் 629, எஃப்எம்ஐ 12. இவையெல்லாம் ‘என் உள்ளேயே கோளாறு’ என்று சொல்லும் வாக்குமூலங்கள். அப்போதும் சப்ளையையும் எர்த்தையும் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். நம்பியாயிற்று, இப்போது என்ன செய்வது? பெட்டி வேறு, அதில் எழுதியிருப்பது வேறு என்பதை இந்த இடத்தில் புரிந்துகொள்ளாவிட்டால் எல்லாமே தப்பாகப் போகும். இதை அழகாகப் புரிய வைக்க ஒரு அமெரிக்க உதாரணம் இருக்கிறது. 1987-இலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் பிக்கப்புகளில் 1227747 என்ற எண் கொண்ட ஈசிஎம்மை வைத்தது. பழைய வண்டிப் பிரியர்கள் இன்றும் அதைக் கடைசி நாலு எண்ணால்தான் கூப்பிடுகிறார்கள். அந்தப் பெட்டி பல இன்ஜினுக்கும் பல கியர்பாக்ஸுக்கும் பொது. எந்த வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது ஸ்பார்க் என்ற கணக்கு மட்டும் ஒரு தனிச் சிப்பில் இருக்கும். மாற்றுப் பெட்டி அந்தச் சிப் இல்லாமல்தான் வரும். பழைய பெட்டியின் சின்ன மூடியைத் திறந்து, சிப்பைப் பிடுங்கி, புதியதில் செருக வேண்டும். உடம்பு வேறு, உயிர் வேறு என்று கம்பெனியே கண்ணுக்குத் தெரியும்படி பிரித்து வைத்திருந்தது. பின்னால் வந்த பெட்டிகளில் அந்தச் சிப் போர்டோடு சால்டர் ஆகி, பிறகு பிராசஸருக்குள்ளேயே போய்விட்டது. பிரிவு கண்ணுக்கு மறைந்ததே தவிர, இல்லாமல் போகவில்லை.

நம் லாரியின் ஈசிஎம்மில் என்னவெல்லாம் எழுதியிருக்கிறது? ஒரே இன்ஜினைக் கம்பெனி இரண்டு மூன்று குதிரைத் திறனில் விற்கும். இரும்பு ஒன்றாகவே இருந்தாலும் எழுத்து வேறு. பின் ஆக்ஸில் விகிதமும் டயர் அளவும் பல வண்டிகளில் உள்ளே இருக்கின்றன; அவை தப்பாக இருந்தால் ஸ்பீடும் கிலோமீட்டரும் பொய் சொல்லும். 2015 அக்டோபருக்குப் பிறகு வந்த சரக்கு வண்டிகளுக்கான 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு பல மாடல்களில் இதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. டயர் அளவு தப்பான பெட்டியில் அந்த 80-ம் 80 ஆக இருக்காது. பிறகு இன்ஜெக்டர் கோடு. பல காமன் ரெயில் இன்ஜின்களில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்து ஒரு குறி பொறித்திருக்கும். ஃபேக்டரியில் அந்த இன்ஜெக்டரைச் சோதித்தபோது அது எவ்வளவு கூடக்குறைய டீசல் விட்டது என்பதன் ஜாதகம் அது. அதைப் படித்துத்தான் ஈசிஎம் ஒவ்வொரு சிலிண்டருக்கும் நேரத்தைத் திருத்திக் கொடுக்கிறது. காயலான் கடையில் வாங்கிய பெட்டி வேறு ஏதோ வண்டியின் ஆறு இன்ஜெக்டர்களுடைய ஜாதகத்தை வைத்துக்கொண்டு நம் வண்டிக்குப் பலன் சொல்லும். வண்டி ஓடும், ஓடாமல் இல்லை. ஐடிலில் உதறும், புகை தள்ளும், டீசல் கூடக் குடிக்கும். யாரும் பெட்டியைச் சந்தேகிக்க மாட்டார்கள், அதுதான் ‘புதுசா’ மாற்றியாயிற்றே.

அதனால் என் வரிசை இது: முதலில் நம் பெட்டியையே சரி செய்ய முடியுமா என்று பார்ப்பது. முடியாவிட்டால் அதில் இருப்பதை அப்படியே எடுத்து, அதே பார்ட் நம்பர் உள்ள இன்னொரு பெட்டியில் எழுதுவது. கிடைத்தால், கட்டுப்படியானால், கம்பெனியிடம் புதுப் பெட்டி வாங்கி நம் சேசிஸ் நம்பருக்கு எழுதி வாங்குவது. எழுதாத பழைய பெட்டியை வாங்கி மாட்டுவது இந்த வரிசையிலேயே இல்லை. பழைய பெட்டி விலை குறைவு என்பார்கள். அந்தப் பெட்டிக்கும் நம் பெட்டியின் வயசுதான் என்பதை யாரும் சொல்வதில்லை. ஃபோர்டு தன் பிக்கப்புகளில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வைத்திருந்த ஈஈசி-4 பெட்டி இதற்கு நல்ல சாட்சி. அதன் போர்டில் இருந்த எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் வயதானதும் அடியில் கசிந்து, பக்கத்துச் செம்புக் கோடுகளை அரித்துத் தின்றன. பெட்டியைத் திறந்து பார்த்தால் கெப்பாசிட்டரின் காலடியில் கறை தெரியும். சால்டரிங் அயர்னை வைத்ததும் கருவாடு மாதிரி ஒரு வாடை கிளம்பும். காயலான் கடையில் அதே வருடத்துப் பெட்டி வாங்கினவர்கள், அதே வயதுக் கெப்பாசிட்டர்களை இன்னொரு முறை வாங்கினார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தங்கள் பெட்டியிலேயே அந்தக் கெப்பாசிட்டர்களை மாற்றி, அரித்த கோட்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் இழுத்து வேலையை முடித்தார்கள். கெப்பாசிட்டரின் விலை ஒரு டீ, வடைக் கணக்கு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. பழைய ஃபோர்டு பெட்டி வேறு, இன்றைய பெட்டி வேறு. சில ஈசிஎம்களில் போர்டே கிடையாது. பீங்கான் தகட்டில் தலைமுடி மாதிரி அலுமினியக் கம்பிகள் ஒட்டி, மேலே ஜெல் ஊற்றியிருக்கும். அதில் சால்டர் பிடிக்காது. ரிப்பேர் செய்கிறேன் என்று ஜெல்லைக் கிளறினால் மிச்சமும் போகும். ஒப்புக்கொள்கிறேன். மூடியைத் திறந்து பார்த்தவுடனே ‘இது நம்மால் ஆகாது’ என்று சொல்லத் தெரிந்தவரே நல்ல ரிப்பேர்காரர். ஆனால் அந்தப் பெட்டிகளில்கூட, பிராசஸருக்கு உயிர் இருந்தால் எழுத்தைப் படித்து எடுக்க முடிகிறது. இன்ஜெக்டர் டிரைவர் எரிந்த பெட்டியின் ஞாபகம் பெரும்பாலும் முழுசாகவே இருக்கும். கை போனவருக்குப் பேச்சு போய்விடுவதில்லை. கெட்டுப்போன பெட்டியைத் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

நேரம் பற்றிய மறுப்புதான் எனக்குக் கஷ்டமானது. லோடு ஏற்றிய வண்டி ரோட்டில் நிற்கிறது, பார்ட்டி போன் மேல் போன், மாசம் பிறந்தால் டியூ கட்ட வேண்டும். பல்பு வைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? நியாயமான கேள்வி. ஆனால் பல்பு, 5 வோல்ட், 60 ஓம் மூன்றும் சேர்ந்தால் ஒரு மணி நேரம், கப்ளர் எட்டாத இடத்தில் இருந்தால் இரண்டு. தப்பான பெட்டியை வரவழைத்து மாட்டி, அதுவும் ஓடாமல் போனால் அந்த நடை முழுக்கப் போயிற்று. நேரம் இல்லாதவருக்குத்தான் இந்தச் சோதனை அவசியம். புதுசே வாங்கிவிட்டால் தலைவலி இல்லை என்பவர்களுக்கு நான் எதிரி இல்லை. கம்பெனியில் கிடைக்கும் வரை அது நல்ல வழிதான். ஆனால் பெட்டி புதிதானாலும் பழையதைக் கொன்றது யார் என்ற கேள்வி அங்கேயே நிற்கும்.

யார் கொன்றது என்று தேடினால் பெரும்பாலும் நம் பழைய பழக்கங்களில்தான் போய் நிற்கிறோம். டைனமோ சார்ஜ் ஏற்றுகிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் வித்தை ஒன்று உண்டு. மெக்கானிக்கல் பம்பு வண்டியில் அது விளையாட்டு. 24 வோல்ட் வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நொடியில் பேட்டரி விலகினால், தடுப்பு இல்லாத ஆல்டர்னேட்டர் கணநேரத்துக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் எகிறும். ஈசிஎம்முக்குள் காப்பு இருக்கிறது. எத்தனை முறை தாங்கும் என்பதுதான் விஷயம். அடுத்தது வெல்டிங். நாமக்கல் பாடி பட்டறையில் தெரிந்தவர்கள் பேட்டரியையும் ஈசிஎம் கப்ளரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுவார்கள். ரோட்டோரத்தில் உடைந்த பிராக்கெட்டை அவசரமாக ஒட்ட வைக்கும்போது இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? கிளாம்பு எங்கோ பம்பரில் கடித்திருக்கும், வெல்டிங் கரண்ட் வழி தேடிக்கொண்டு வண்டி முழுக்கச் சுற்றும்.

ஒரு பெட்டியின் எழுத்தை இன்னொன்றில் எழுதத் தெரிந்த அதே ஆள்தானே புகைக் கட்டுப்பாட்டை முடக்கும் ‘யூரியா ஆஃப்’ செய்து தருகிறார், பவரும் ஏற்றித் தருகிறார் என்று கேட்பவர்களும் உண்டு. ஆமாம், பல இடங்களில் அதே ஆள்தான். ஆனால் இரண்டும் ஒரே வேலை இல்லை. ஒன்று, கம்பெனி எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் நகல் எடுப்பது. மற்றது எழுதியதைத் திருத்துவது. பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்பவனிடம் திருடனும் வருவான் என்பதற்காக யாரும் ஒற்றைச் சாவியோடு குடித்தனம் நடத்துவதில்லை. திருத்திய ஃபைல் வேண்டாம், என் ஃபைல் அப்படியே வேண்டும் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எடுத்த நகலை இரண்டாவது முறையும் படித்து இரண்டும் பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அரைகுறையாகப் படித்த ஃபைலை நல்ல பெட்டியில் எழுதினால் அதுவும் கல்லாகிவிடும்.

அந்த நகலை எடுக்க வண்டி நிற்கும் வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. எஃப்சிக்காக வண்டி பட்டறையில் எப்படியும் ஒரு நாள் கிடக்கும். அன்றைக்கு ஃபைலைப் படித்து ஒரு பென் டிரைவில் வாங்கி ஆர்சி புக் கவரில் போட்டுவிடலாம். ஈசிஎம்மின் லேபிளை ஒரு போட்டோ, கறுப்பேறிய இன்ஜெக்டர் தலைகளைத் துணியால் துடைத்துவிட்டு வரிசை மாறாமல் ஆறு போட்டோ. டீசலும் தூசியும் சேர்ந்து அந்தக் குறிகள் வருடத்துக்கு வருடம் மங்கிக்கொண்டுதான் வரும். எட்டாவது வருடத்திலாவது படிக்க முடிகிறதா என்று ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்.